ஊர் கேட்காமல் விட்ட சட்டத்தரணி

யோகராணி மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு காலையில் எங்கள் வகுப்பு வட்சப் குழுவில் வந்தது. நான் அதற்குச் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினேன். அந்தக் குழுவில் பொய்ச் செய்தி போடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருப்பவள் நான்தான். பரீட்சை பிற்போடப்பட்டது, விரிவுரையாளருக்குக் கலியாணம் சரிவந்தது, சிற்றுண்டிச்சாலையில் இன்றைக்கு ரோல்ஸ் இலவசம், எல்லாம் என் வெளியீடுகள். ஆகவே யாரோ எனக்கே திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்தேன். செய்தி போட்ட கஜன் உடனே தொலைபேசி எடுத்தான். "விசரி, பகிடி இல்லையடி. நேற்றுப் பின்னேரம் கோட்ஸ் முடிஞ்சு வீட்டை வந்து கதிரையிலை இருந்தவவாம். பேந்து எழும்பேல்லையாம்." சிரிப்பு முகத்தை அழித்தேன். அழித்த இடத்தில் ஏதோ அழிக்கப்பட்டது என்று ஒரு வரி விழும் அல்லவா, அந்த வரி இன்னும் அங்கேயே கிடக்கிறது. அவருக்கு நான் செலுத்திய முதல் அஞ்சலி அதுதான். இது இரண்டாவது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு மாணவர் சார்பில் ஒருவர் எழுத வேண்டும் என்று மிஸ்ஸின் தங்கை கேட்டபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் வெளிக்களப் பயிற்சி செய்த கடைசி ஆள் நான். இந்த மலரை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவர் சாவகச்சேரி நீதிமன்றத்தில் காணி வழக்குப் பேசுகிற சட்டத்தரணி. எங்களுக்கு அவர் மேற்பார்வையாளர். சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில், அவருடைய கண்ணுக்கு முன்னால் வேலை பழக வேண்டும். செய்தால் பட்டத்துக்குத் தேவையான கிறெடிற் கிடைக்கும். வால் இல்லாத பட்டம் குத்திக்கொண்டு விழும். எங்கள் பட்டத்துக்கு வால் இந்தக் கிறெடிற். பெரும்பாலான சட்டத்தரணிகள் மாணவர் என்றதும் "இடமில்லை, ஒரு கதிரைதான் கிடக்கு" என்பார்கள். மிஸ்ஸிடமும் ஒரு கதிரைதான் உபரியாக இருந்தது. அதை வருடா வருடம் எங்களுக்கு விட்டுத் தந்தார்.

நான் வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, பஸ் மாறி, முதல் நாளே பிந்திப் போய்ச் சேர்ந்தேன். பணிவு காட்டுவதற்காக "வணக்கம் மடம்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "மடமெண்டால் படுத்து எழும்பிற இடம், பிள்ளை. உமக்கு நித்திரை போதாதெண்டு பிந்தி வந்ததிலேயே தெரியுது. என்னை மிஸ் எண்டு கூப்பிடும்." எனக்கு வாய்த்த மேற்பார்வையாளர் எனக்கே சவால் என்று அப்போதே விளங்கிவிட்டது. பத்து மணிக்கு அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், இரண்டு பிளேன்ரீயோடு வந்தார். நான் பதறி எழும்பினேன். "இரும். உம்மைத் தேத்தண்ணிக்கு அனுப்பக்கூடாதெண்டு உங்கடை சட்ட பீடத்தோடை போட்ட ஒப்பந்தத்திலை கிடக்கு. என்னை அனுப்பக்கூடாதெண்டு அதிலை இல்லை." தவணை முழுக்க அப்படித்தான் நடந்தது. நீதிமன்ற வாசலில் நின்ற மற்றச் சட்டத்தரணிகள் அவரைப் பார்த்து, "என்ன யோகா, மாணவி உங்களை நல்லாய்ப் பயிற்றுவிக்கிறா போலை" என்று பகிடி பண்ணுவார்கள். "ஓம், தேத்தண்ணியிலை சித்தியடைஞ்சிட்டன்" என்று அவரும் போவார்.

நான் சும்மா இருக்கிற சாதி இல்லை. நீதவான் வரும்போது சேவகர் "அமைதி!" என்று கூவுவார் அல்லவா, அந்தக் கூவலை என் குரலில் பதிந்து தொலைபேசியின் மணியாக வைத்திருந்தேன். ஒரு நாள் மிஸ் கட்சிக்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா எனக்கு அழைப்பு எடுத்துவிட்டார். "அமைதி!" என்று கைப்பைக்குள்ளிருந்து குரல் வந்ததும் மிஸ் விறைத்துக்கொண்டு எழும்பி நின்றார். அவரைப் பார்த்துக் கட்சிக்காரரும் எழும்பினார். கட்சிக்காரரின் மடியில் இருந்த பேரனும் இறங்கி நின்றான். மூவரும் சுவரைப் பார்த்து நிற்க, நான் மட்டும் கதிரையில் இருந்தேன். மிஸ்ஸின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு, கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: "நாங்கள் எழும்பேக்கை இருந்தவ நீர் ஒராள்தான். அப்ப நீதவான் நீர்தான். இண்டைக்கு முழுக்கத் தீர்ப்பு எழுதும்." பழைய வழக்குக் கோப்பு ஒன்றைத் தூக்கி முன்னால் போட்டார். பொழுது சாயும்வரை எழுதினேன். எழுதியதை வாசித்துவிட்டு, "பகிடி விடுற ஆள் தீர்ப்பை மட்டும் ஏன் இவ்வளவு பயந்து எழுதுறீர்?" என்று கேட்டார்.

கட்சிக்காரர் எவரையும் மாணவியோடு பேசும்படி அவர் வற்புறுத்தியதில்லை. ஆள் வந்ததும் என்னை வெளியே அனுப்புவார். நான் வீதிக்கு அந்தப் பக்கம் பழக்கடை வாசலில் நிற்பேன். உள்ளே அவர் "இப்பிடியொரு பிள்ளை படிக்க வந்திருக்கு. இருக்கலாமோ, வேண்டாமோ? வேண்டாமெண்டால் நான் கோவிக்கமாட்டன், அதுவும் கோவிக்காது" என்று கேட்பாராம். சம்மதித்தால் யன்னல் திறக்கும், நான் போவேன். சம்மதிக்காவிட்டால் யன்னல் திறக்காது. நான் வாழைக்குலைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு நிற்பேன். முகத்துக்கு முன்னால் கேட்டால் நம் சனம் "இருக்கட்டும்" என்றுதான் சொல்லும், அது சம்மதம் இல்லை, மரியாதை என்பார். யன்னல் திறந்து நான் உள்ளே போனதும் ஒவ்வொரு முறையும் ஒரே அறிமுகம்தான்: "இவ லோயர் இல்லை. பிழை விட்டுப் பழக வந்தவ. இவ விடுற பிழைக்கு நான் பொறுப்பு." அறிமுகத்தின் கடைசி வசனத்தை அவர் எவ்வளவு தூரம் மெய்யாகச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அவரிடம் போவதற்கு முன்னரே மூத்த மாணவர்கள் என்னை எச்சரித்திருந்தார்கள். "முதல் நாளே ஊர் கேப்பா. கவனம்." நம்மிடத்தில் 'எந்த ஊர்?' என்பது ஊரைக் கேட்கிற கேள்வி அல்ல என்று இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர், வட்டாரம், கோயில், அப்பாவின் பெயர் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியை அறிந்துகொள்கிற வழி அது. எங்களுக்கு முன்னைய பிரிவில் ஓர் அக்காவிடம் மிஸ் அதையெல்லாம் கேட்டாராம். அப்பா எந்த இடம், அம்மா எந்த இடம், மாமன்மார் எங்கே கட்டினவர்கள் என்று. அந்த அக்கா பாதிப் பதிலில் எழும்பி, "இது சட்டத்திலை எந்தப் பாடம், மிஸ்?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. பீடத்தில் முறைப்பாடும் கொடுத்தார். அந்தத் தவணை அவருக்குக் கிறெடிற் இல்லாமல் போனது. நான் விடுவேனா? பஸ்ஸில் வரும்போதே பதில்கள் தயாரித்தேன். எந்த ஊர் என்றால் 'இந்தப் பஸ் போற ஊர்', அப்பா ஆர் என்றால் 'அம்மாவின்ரை மனிசன்'. ஆனால் மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார், சைவமா மச்சமா என்று கேட்டார், யன்னல் ஓரத்துக் கதிரையைக் காட்டினார். என் பதில்கள் பைக்குள்ளேயே பழுதாய்ப் போயின. திருந்திவிட்டார் என்று நினைத்து அவருக்கு மனதுக்குள் புள்ளி போட்டேன்.

தவணை பாதி கழிந்த ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் வந்தார். பெயர் சொல்லமாட்டேன், கிணற்று அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மராட்சியில் ஒரு தோட்டக் கிணறு, காணி உறுதிப் பத்திரப்படி பல பேருக்குப் பங்கு. பங்குக்காரரில் ஒருத்தர் வேலி அடைத்து வாய்க்காலை மறித்துவிட்டார் என்று வழக்கு. அக்காவின் மிளகாய்க் கன்றுகள் ஒரு பக்கமும் தண்ணீர் மறு பக்கமும் நின்றன. கோப்பில் எதிராளியின் பெயர் கனகாம்பிகை என்று இருந்தது. "பேரிலேயே நகைக்கடை வைச்சிருக்கிறா, மிஸ்" என்று நான் முதல் நாளே சொல்லிச் சிரித்திருந்தேன். யன்னல் திறந்தது, உள்ளே போனேன். அக்கா கதைத்தார், நான் எழுதினேன். கதையோடு கதையாக அக்கா ஒரு விஷயம் சொன்னார். அவருடைய வழக்கு எந்த இடத்தில் பலவீனம் என்று காட்டுகிற விஷயம். தன் சட்டத்தரணியிடம் மட்டும், அதுவும் குரலைத் தணித்துத்தான் ஒருவர் அப்படியொன்றைச் சொல்வார். மிஸ் தலையாட்டினார். நான் அதையும் எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா எதிராளியைத் திட்டத் தொடங்கினார். "உவ கனகாம்பிகையெண்டது கடதாசியிலைதான். ஊரிலை பேபி எண்டால்தான் தெரியும். என்னோடை ஒண்டாய்ப் படிச்சவ. சீதனத்தோடை வட்டுக்கோட்டையிலை கட்டிப் போனவ. மனிசன் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையிலை நிண்டவர். இஞ்சாலை எட்டிப் பாக்கிறதில்லை. வேலி அடைக்க மட்டும் ஆள் வரும்."

என் பேனை நின்றுவிட்டது. பிறந்த நாளிலிருந்து நான் பெரியம்மா என்று கூப்பிடுகிற, அப்பாவும் மற்றவர்களும் பேபி என்று கூப்பிடுகிற ஒருவர் எங்கள் வளவிலேயே, நடு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவருக்குக் கடதாசியில் வேறொரு பெயர் இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டில் ஏதோ காணி வழக்கு என்று முணுமுணுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் காணி வழக்கு இல்லாத வீடு எது? எதைக் கேட்டாலும் ஒரு பகிடி எடுத்து வீசுகிற எனக்கு அன்று வந்த வசனம் ஒன்றுதான். "மிஸ், பேபி என்ரை பெரியம்மா. ஒரே வளவு."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டுச் சமாளித்திருக்கலாம். எனக்கு முன்னாலேயே அக்காவிடம் சொன்னார்: "அக்கா, பிழை என்னிலை. இந்தப் பிள்ளையிலை இல்லை. முதலிலேயே நான் விசாரிச்சிருக்க வேணும். விசாரிக்கேல்லை."

"விசாரிக்கேல்லையோ?" அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது குரல் உயர்ந்தது. "ஒரு பெட்டையைக் கொண்டந்து இருத்த முன்னம் ஆற்றை பிள்ளை, எந்த ஊர் எண்டு கேக்கமாட்டீங்களோ? எங்கடை பக்கம் தேத்தண்ணி குடுக்க முன்னமே கேப்பினம்!"

"ஓம்."

"கேக்காமல் விடுறது பெரிய மனிசத்தனமெண்டு நினைச்சியள். உங்களுக்குப் பேர். நட்டம் எனக்கு."

"ஓம், அக்கா" என்றார் மிஸ் மறுபடியும். நீதிமன்றத்தில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் வைத்திருப்பவர். அன்று அவரிடம் 'ஓம்' மட்டுமே இருந்தது.

என்னை முற்றாக விலக்கிவிட்டுத் தானே வழக்கை நடத்தலாம், அல்லது அக்கா விரும்பினால் வேறு சட்டத்தரணியிடம் போகலாம் என்று மிஸ் இரண்டு வழியும் சொன்னார். அக்கா இரண்டாவதை எடுத்தார். சில நாள் கழித்து மிஸ் அந்தக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீதிமன்ற முற்றத்தைக் கடந்து மற்றச் சட்டத்தரணியிடம் கொடுக்கப் போனார். நல்ல வெயில். "நான் தூக்கி வரட்டோ, மிஸ்?" என்று பின்னால் ஓடினேன். "நீர் அதைத் தொடக்கூடாது. அதின்ரை நிழலிலையும் நிக்கக்கூடாது" என்று திரும்பாமலே சொன்னார். நான் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டேன்.

பயிற்சி விதிப்படி மேற்பார்வையாளர் கிழமைக்கு ஒருமுறை மாணவியோடு இருந்து கதைக்க வேண்டும். அந்தக் கிழமைக் கதை நீண்டது. ஊர் கேட்பதை ஏன் நிறுத்தினார் என்று அன்றுதான் சொன்னார். மாணவர் எவருக்காவது எதிர்த்தரப்போடு உறவு உண்டா என்று பார்க்காமல் ஒருவரையும் கட்சிக்காரருக்கு முன்னால் இருத்தக்கூடாது. நம் குடாநாட்டில் உறவு பார்ப்பதென்றால் ஊர் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. அதைத்தான் பாதியில் எழும்பிப் போன அந்த மாணவி அக்காவிடமும் கேட்டிருக்கிறார். "அப்ப ஏன் மிஸ் அதை விளங்கப்படுத்தேல்லை? முறைப்பாடு வந்தபோது சொல்லியிருக்கலாமே" என்றேன். கையிலிருந்த கோப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஏன் கேட்டனெண்டு எனக்குத் தெரியும். மற்ற ஆக்கள் ஏன் கேட்டவையெண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கேள்வி ஒண்டுதான், பிள்ளை. நான் நல்ல எண்ணத்தோடை கேட்டனான் எண்டு போய்ச் சொன்னால், நோவு அவவுக்கு, நியாயம் எனக்கு எண்டாகும். அதாலை வாயை மூடினன். ஆனால் வேறை மாதிரிக் கேக்கிறது எப்பிடியெண்டு யோசிச்சிருக்க வேணும். யோசிக்கேல்லை. கேக்கிறதை விட்டதோடை நான் நல்லவவாயிட்டன் எண்டு நினைச்சிட்டன்."

அந்த வேறு மாதிரியை அன்று பின்னேரம் நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். கேள்வியை மாணவரிடம் கேட்கவே கூடாது. கட்சிக்காரரிடம், எதிராளியைப் பற்றிக் கேட்க வேண்டும். கடதாசிப் பெயர் போதாது. வீட்டுப் பெயர் என்ன, எங்கே கட்டினது, எங்கே இருக்கிறது. கட்சிக்காரர் சம்மதித்தால் அந்தப் பெயர்களை மட்டும் பழக்கடை வாசலில் நிற்கிற மாணவரிடம் வந்து சொல்ல வேண்டும். மாணவர் தெரியும் அல்லது தெரியாது என்று சொன்னால் போதும். தெரியும் என்றால் ஏன், எப்படி என்று ஒரு சொல் கேட்கக்கூடாது. நான் அங்கேயே நிற்பேன், அவ்வளவுதான். "ஆற்றை பிள்ளையெண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை" என்றார் மிஸ். அதைச் சொல்லும்போது அவர் சந்தோஷமாக இருந்ததுபோல் இல்லை. இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு காலம் தோன்றாமல் போனதே என்ற முகம் அது.

நடந்ததைப் பீடத்துக்கு அவரே அறிவித்தார். பிழை மேற்பார்வையாளருடையது, மாணவியின் கிறெடிற்றில் கை வைக்க வேண்டாம் என்று அவர் பிடித்த பிடியில் என் வால் தப்பியது. ஆனால் எல்லாவற்றையும் பரிசீலிக்கும்வரை அவரிடம் புதிய மாணவரை அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் அடுத்த தவணையில் ஒரு நாள் நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனபோது, யன்னல் ஓரத்துக் கதிரையில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். "புது மாணவர்" என்று கோப்புகளைக் காட்டினார். "வாய் காட்டாத பிள்ளையள். உம்மைவிட நல்லம்." இருவரும் சிரித்தோம். அவருடைய பகிடிகளில் எனக்குப் பிடிக்காத ஒரே பகிடி அது.

வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். நான் மிஸ்ஸிடம் பயிற்சியில் இருந்ததும், கிணற்று அக்கா சட்டத்தரணியை மாற்றியதும் எப்படியோ வட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் விறாந்தைக்கு ஒவ்வொரு பின்னேரமும் வரத் தொடங்கினார்.

"பிள்ளை, உந்த மனிசி லோயரிட்டை என்ன சொன்னவ?"

"கிணத்திலை தண்ணி இருக்கெண்டு சொன்னவ, பெரியப்பா."

"பகிடியை விட்டிட்டு விஷயத்துக்கு வா."

"விஷயம் கிணறு மாதிரி. எட்டிப் பாக்கலாம், இறங்கேலாது."

பெரியப்பாவைச் சமாளிப்பது சுகம். பெரியம்மா கேட்கவே இல்லை. அதுதான் கடினம். ஒரு நாள் வேலியடியில் நின்று, "நீ பிறந்தவுடனை முதல் தூக்கினது நான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அவர் சுட்ட தோசை எங்கள் வீட்டுக்கு வரும். தம்பியின் பெயரைச் சொல்லி வரும். அப்பாகூட ஒருமுறை கேட்டார்: "சொந்தச் சனத்தைவிட ஆரோ ஒருத்தி பெரிசோ?" நான் அறிந்ததைச் சொன்னால் பெரியம்மா வழக்கில் வெல்லக்கூடும். சொல்லாவிட்டால் தோற்கவும் கூடும். கிணற்று அக்காவின் மிளகாய்க் கன்றுக்கும் என்னைத் தூக்கிய கைக்கும் நடுவில் என் வாய் மாட்டிக்கொண்டது. இவ்வளவு காலம் ஒரு நிமிடம் மூடி இருக்காத வாய்.

இதை மிஸ்ஸிடம் போய்க் கொட்டினேன். "நீர் அண்டைக்குக் கேட்டது உம்மடை இல்லை, பிள்ளை. அந்த அக்கா அதை உம்மட்டைக் குடுத்து வைச்சிருக்கிறா, அவ்வளவுதான்" என்றார். "அப்ப என்ரை பெரியம்மாவுக்கு இது நியாயமோ?" என்று கேட்டேன். பாடமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியாது. உம்மை அந்தக் கதிரையிலை இருத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கேள்வி உமக்கு வந்திராது. அது மட்டும் தெரியும்" என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக்குப் போனார். வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வந்தார்.

கடைசியாகச் சந்தித்தபோது அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். பாதியில் எழும்பிப் போன அந்த அக்காவின் தொலைபேசி இலக்கம். விசாரித்து எடுத்துக் கொடுத்தேன். "என்ன சொல்லப்போறீங்கள், மிஸ்?" "ஒண்டும் விளங்கப்படுத்தமாட்டன். நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது எண்டு மட்டும். கோட்ஸ் விடுமுறை விடட்டும், ஆறுதலாய் எடுப்பம்." விடுமுறை வருவதற்குள் அவர் போய்விட்டார். இந்த அஞ்சலிக்காக நானே அந்த அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். மிஸ் எடுக்கவே இல்லை என்று அப்போதுதான் உறுதியாயிற்று. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "அவ எடுத்திருந்தால் நான் பதில் சொல்லியிருக்கமாட்டன்" என்றார் அவர். "ஆனால் எடுத்திருக்கலாம்."

மிஸ்ஸைத் தெரிந்தவர்களே, நீங்கள் அவருடைய வாதத் திறமையைப் பற்றி எழுதுவீர்கள், எழுதத்தான் வேண்டும். நானோ இந்த ஒரு வசனத்தைத் தாண்டி எழுத முடியாமல் இரண்டு நாள் பேனையை மூடி வைத்திருந்தேன். அடுத்த தவணையிலிருந்து அவரிடம் மீண்டும் மாணவரை அனுப்பலாம் என்று பீடத்தில் பேசிக்கொண்டிருந்தார்களாம். அதையும் செத்தவீட்டில்தான் கேள்விப்பட்டேன். அவருக்கு வரவேண்டிய நல்ல செய்திகள் எல்லாம் என்னைப்போலப் பஸ் மாறி, பிந்தித்தான் வந்தன.

செத்தவீட்டுக்குக் கிணற்று அக்காவும் வந்திருந்தார். சட்டத்தரணியை மாற்றியவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் இருந்த பக்கத்தில் ஓரமாக இருந்தார். நான் கிட்டப் போனதும் மேலும் கீழும் பார்த்தார். "பேபியின்ரை பெறாமகள்." "ஓம், அக்கா." "வழக்கு இன்னும் நடக்குது. நான் சொன்ன விஷயம் இவ்வளவு நாளும் அங்காலை போகேல்லை. போயிருந்தால் கோட்ஸிலை தெரிஞ்சிருக்கும்." நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். "உந்த மனிசியிலை எனக்கு இன்னும் கோவம்தான்" என்று மிஸ் கிடந்த பக்கம் தலையை அசைத்தார். கண்ணீரைத் துடைக்காமலே சொன்னார். மிஸ்ஸைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், இந்தக் கதையைச் சொல்லாமல் எழுத முடியவில்லை, எழுதலாமா என்று கேட்டேன். முகத்துக்கு முன்னால் கேட்ட சம்மதம் சம்மதம் இல்லை என்பது நினைவுக்கு வந்து, மிஸ்ஸின் தங்கையிடம் சொல்லி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. எழுதட்டும், பேர் போட வேண்டாம்.

பெரியப்பா செத்தவீடு நடந்த அன்று பின்னேரமும் விறாந்தைக்கு வந்தார். நான் செத்தவீட்டிலிருந்து வந்து தோய்ந்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் அல்ல. பெரியம்மா முகம் தொங்கிப்போய்த் திரிவதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"பிள்ளை, உனக்குச் சொல்லாதை எண்டு சொன்ன மனிசி போயிட்டுது. நல்ல மனிசி, இல்லையெண்டு சொல்லேல்லை. இனி ஆர் உன்னைக் கேக்கப்போகினம்?"

பகிடி ஒன்றும் வரவில்லை. தேடினேன், உண்மையாகவே வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"மிஸ் போயிட்டா, பெரியப்பா" என்றேன். "அந்த அக்கா இருக்கிறாவே."

பெரியப்பா எழும்பிப் போனார். பெரியம்மா திரும்பவில்லை. ஆனால் காயப்போட்ட சீலையின் நுனியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

மிஸ்ஸிடமிருந்து நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய தங்கை அலுமாரியைத் திறந்து காட்டினார். மற்றவர்கள் புத்தகம் எடுத்தார்கள், கஜன் அவருடைய பேனையை எடுத்தான். நான் ஒன்றும் எடுக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. யன்னல் திறந்திருந்த ஒரு பின்னேரம், குரலைத் தணித்து ஒரு பெண் சொன்ன கொஞ்சப் பேச்சு. வழக்கு முடிந்தாலும், யார் வென்றாலும், பெரியம்மா என்னோடு மறுபடி கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் அது என்னோடுதான் இருக்கும். பெரியப்பா, நீங்கள் இந்த மலரைக் கடைசிப் பக்கம்வரை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இதிலும் அது இல்லை.